பொல்லடி மேடையில் என் கீபோர்ட்

போன வருடம் மருதமுனைக் கடற்கரைப் பக்கம் ஒரு கலை விழா நடந்தது. நான் கல்முனையில் பியானோ சொல்லிக் கொடுக்கிறவள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாட்டு நிகழ்ச்சியோ ஓவியக் கண்காட்சியோ எங்கே நடந்தாலும் முன்வரிசைக் கதிரையில் என்னைக் காணலாம். "உனக்கு வீடு எதுக்கு? மண்டபத்திலயே பாயப் போட்டுப் படு" என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிறவரும் அவர்தானே!

அந்த விழாவில் ஊர்க்காரர்களின் பொல்லடியும் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்கள் ஆளுக்கு இரண்டு கம்போடு வட்டமாக நின்று, ஒருவர் கம்பை மற்றவர் கம்பில் தட்டி ஆடுவார்கள். நடுவில் ஆட்டம் பழக்குகிற அண்ணாவியார் கைத்தாளம் போட்டுப் பாடுவார். அந்தப் பாட்டுக்குக் கீபோர்ட்டும் சேர்ந்தால் புதுமையாக இருக்கும் என்று விழாக்காரர்கள் என்னை அழைத்தார்கள். கேட்கவா வேண்டும்! அன்றைக்கே கீபோர்ட்டைத் தூசி தட்டி வைத்துவிட்டேன்.

விழாவன்று பின்னேரம் ஒத்திகை. அவர்கள் ஆடியதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நிதானமாகத் தொடங்கிய பாட்டு, போகப்போக வேகம் கூடி, கடைசியில் தலைதெறிக்க ஓடியது. என்னிடம் படிக்கிற யாராவது இப்படி வாசித்தால், திரும்ப முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிவிடுவேன்.

"தாளம் ஓடுது. நான் கீபோர்ட்டில ஒரே அளவாத் தாளம் போட்டு விடுறன், அதோட ஆடுங்க" என்றேன்.

அண்ணாவியார் தலையைச் சொறிந்தார். "டீச்சர், கடைசில கால் ஓடத்தான் செய்யும்..."

"ஓட விடக்கூடாது" என்றேன், வகுப்பில் பேசுகிற அதே குரலில்.

ஆடுகிறவர்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "ஓம் டீச்சர், நீங்க படிச்ச ஆள், சொன்னாச் சரிதான்" என்றார் அவர்.

பாதிப் பாட்டு வரை ஆடிப் பார்த்தோம். அச்சொட்டாக வந்தது. அதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல, எல்லோரும் கம்புகளை வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கடைசிப் பகுதியை நாங்கள் ஆடிப் பார்க்கவே இல்லை. அதிலென்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் மேடையேறினோம். கீபோர்ட்டின் தாளப் பொத்தானை அழுத்தினேன். முதல் பாதி அமர்க்களம். சனம் கைதட்டத் தட்ட, கூட்டத்தில் இருந்த என் கணவரைப் பார்த்து, 'எப்படி?' என்று புருவத்தை உயர்த்தினேன்.

பிறகுதான் வந்தது வினை. கடைசிப் பகுதியில் அண்ணாவியாரின் குரல் வழக்கம்போல முன்னே ஓடியது. என் தாளமோ அசையாமல் நின்றது. ஆடியவர்களில் பாதிப் பேர் அவரோடு ஓட, மீதிப் பேர் எனக்காகத் தயங்கினார்கள். என் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் கைத்தறியில் சாறன் நெய்கிறவர். எதிரே இருந்தவரின் கம்பு 'டொக்' என்று அவர் விரலில் விழுந்தது. அவருடைய ஒரு கம்பு தெறித்துப் போனது. வலியில் முகம் சுருங்கிய மனிதர், மிஞ்சிய கம்போடு ஆட்டத்தை விடாமல் ஆடினார்.

ஐயோ! நான் விரலை வைத்துப் பிழைக்கிறவள். அவரும் அப்படித்தான். இன்னொரு அடி விழுந்தால் அந்த மனிதர் நாளைக்குத் தறியில் எப்படி உட்காருவார்? மானம் போனால் போகட்டும் என்று தாளத்தை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

அண்ணாவியார் பாட்டை விடவில்லை. வட்டத்துக்குள் நின்றபடியே என் பக்கம் திரும்பி, "வாங்க டீச்சர், எங்களோட வாங்க!" என்று கையால் அழைத்தார். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டு, ஓர் அடிக்கு ஒரு சுரம் என்று இடது கையால் மட்டும் வாசித்தேன். அவர்கள் ஓடினார்கள். நானும் கூடவே ஓடினேன். வாத்தியத்தில் அப்படியொரு ஓட்டம் நான் அதுவரை ஓடியதில்லை. அந்த நேரத்திலும் அது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் குளிர்பானக் கடையில் ஐஸ்கட்டி வாங்கிக்கொண்டு அந்த நெசவாளரிடம் ஓடினேன். விரல் வீங்கிச் சிவந்திருந்தது. "என்னாலதான் தம்பி, மன்னிச்சிருங்க" என்றேன்.

"விரல் மடங்குது டீச்சர், அல்ஹம்துலில்லாஹ். பயப்படாதீங்க" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

அண்ணாவியார்தான் மெல்லச் சொன்னார். "ஓடுற இடத்துல ஓடாட்டிக் கம்பு கையில விழும் எண்டு எங்களுக்குத் தெரியும் டீச்சர். உங்கட மனசு நோகும் எண்டு வாய மூடிட்டம்."

யாராவது என்னை ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

மறுநாள் காலை கணவரோடு நெசவாளரின் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் தெருவரை கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. விரலில் துணி சுற்றியிருந்தார். "இண்டைக்குக் கொஞ்சம் மெதுவுதான் டீச்சர், ஆனா தாளம் பிழைக்கல்ல" என்று சிரித்தார்.

இந்த வருடமும் அவர்களோடு மேடையேறினேன். தாளப் பொத்தான் பக்கம் என் கை போகவில்லை. வகுப்பில் இன்றும் நான் கண்டிப்பான டீச்சர்தான், ஆனால் நான் சொன்னதற்கு யாராவது மறுபேச்சில்லாமல் தலையாட்டினால், அந்த வீங்கிய விரல் கண்முன் வந்து, "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று என்னைக் கேட்க வைத்துவிடுகிறது.