முக்கொம்பில் ஒரு விசில்

போன வாரம், காணும் பொங்கல் அன்று, முக்கொம்பு பூங்காவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் கையில் பஜ்ஜியோடு வேப்பமரத்தைச் சுற்றி ஓடினார். நல்ல தொந்தி. புது வேட்டி வேறு. மனைவி, மக்கள், மச்சான் குடும்பம் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க... ஓடியே விட்டார்.

ஓடச் சொன்னவர் என் அப்பா.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

லீவு நாள் என்றால் எங்கள் காரைக்குடியில் ஒரு வேடிக்கை நடக்கும். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளை அண்ணாந்து பார்ப்பார்கள். நாங்களோ வேன் பிடித்து வெளியூர் போய் வேறு எதையாவது அண்ணாந்து பார்ப்போம். அவரவர் ஊரில் அவரவர் அண்ணாந்து பார்த்தால் டீசலாவது மிச்சமாகுமே என்பது என் கணவர் அருளின் பல வருட வாதம். யார் கேட்கிறார்கள்?

இந்த முறை திருச்சிப் பக்கம் முக்கொம்பு. காவிரி, பாலம், பூங்கா, உட்கார்ந்து சாப்பிட மரநிழல். காரைக்குடியில் நாங்கள் இருக்கும் செக்காலையிலிருந்து எங்கள் வீடும் தம்பி வீடும் சேர்ந்து ஒரு வேன். எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அப்பாவை அழைத்துப் போவதா வேண்டாமா என்ற பேச்சு வரும்வரை.

அப்பாவுக்கு மறதி நோய். மாத்திரை சாப்பிடுகிறார். நடை, சாப்பாடு, தூக்கம் எதிலும் குறையில்லை. ஆனால் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டால் விழிப்பார். என் பெயர் அவர் வாயில் வந்து மாதக்கணக்காகிறது. "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். நானும் "என்னப்பா" என்று போய் நின்றுவிட்டு, அப்புறம் அடுப்படியில் போய் மூக்கைச் சிந்திக்கொள்வேன்.

"அக்கா, அப்பா வீட்லயே இருக்கட்டும். நான் வேணா கூட இருக்கேன்," என்றான் தம்பி. "அந்தக் கூட்டத்துல எங்குட்டாவது போயிட்டாகன்னா என்ன செய்வ?"

நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். வருடா வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனவர். எந்த ஊர்த் திருவிழாக் கூட்டத்திலும் ஒரு பிள்ளையைத் தொலைத்தது கிடையாது. அந்த மனிதரை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, நாம் மட்டும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கிளம்புவதா?

"நான் பாத்துக்கிறேன்டா," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிடுகின்றன, இந்த மாதிரி வசனங்கள்!

காலையில் முதல் ஆளாக ரெடியாகி நின்றது அப்பாதான். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கேன்வாஸ் ஷூ. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அவருடைய பழைய விசில். பள்ளிக்கூட டூர் என்று நினைத்துவிட்டார். யாரும் திருத்தவில்லை. திருத்தி என்ன ஆகப்போகிறது?

பூங்கா வாசலில் ஒரு பெண் போலீஸ், சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பட்டை ஒட்டி, அதில் பெற்றோரின் போன் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். மெதுவாக அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். புரிந்துகொண்டு சிரித்த முகமாக வந்து, "ஐயா, கையக் காட்டுங்க," என்றார்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் என்ன ஒன்னாப்புப் புள்ளையா? புள்ளைகளுக்குக் கட்டும்மா."

அத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்து இழுத்தா கட்ட முடியும்? விட்டுவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து அப்பா கை கழுவக் குழாயடிக்குப் போனார். கூடவே என் மகள் ஜெனி. விசில் நனைந்துவிடக் கூடாதென்று கழற்றி அவள் கழுத்தில் மாட்டியிருக்கிறார். துண்டு எடுத்துக்கொடுக்க அவள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள். மறுபடி பார்த்தால்... குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆளைக் காணோம்.

அந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்வது? எள் போட்டால் எள் விழாது. எதிரே காவிரியில் தண்ணீர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஆற்றுப் பக்கம் ஓடினான். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அவன் சொல்லவில்லை. அதற்காக அவனுக்கு ஆயுசுக்கும் நன்றி. அருள் மைக்கில் அறிவிக்கச் சொல்வதற்காகப் போலீஸ் பந்தலுக்குப் போனார். மைக்கில் சொல்லி? தன் பெயர் என்று அப்பாவுக்குத் தெரிந்தால்தானே!

ஜெனி அழுதுகொண்டு நின்றாள். அவள் கழுத்தில் விசில் தொங்கியது.

எங்கள் வீட்டில் சின்ன வயதில் யாரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை. விசில்தான். இரண்டு சின்னது, ஒரு நீளம். 'எல்லாரும் கூடு' என்று அர்த்தம். எந்தத் தெருவில் ஆடிக்கொண்டிருந்தாலும் ஓடி வந்துவிடுவோம். ஆனால் அது அவர் ஊதி நாங்கள் ஓடி வந்த விசில். நாங்கள் ஊதினால் அவர் வருவாரா? எனக்குத் தெரியவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

வாங்கி ஊதினேன். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. வாய் அப்படி வறண்டிருந்தது. மறுபடி ஊதினேன். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

அப்பா வரவில்லை. கையில் பஜ்ஜியோடு, அந்தத் தொந்திக்காரர் வந்தார்.

"கோட்டையூரு நமக்கு. இது எங்க டிரில் சார் விசிலாச்சே! சார் வந்திருக்காகளா?"

அவருக்குப் பின்னால், இடுப்பில் குழந்தையோடு இன்னொருவர். அவரும் அதே பள்ளிக்கூடமாம். லீவு நாளில் முக்கொம்புக்குப் போனால் பாதிக் காரைக்குடி அங்கேதான் இருக்கும் என்பது எனக்கே மறந்துவிட்டது.

அழுகையும் பேச்சுமாக விஷயத்தைச் சொன்னேன்.

"நிறுத்தாதீக. ஊதிக்கிட்டே இருங்க," என்றார் பஜ்ஜிக்காரர். "சார் விசில வேற ஆளு தொட்டா சாருக்குப் பொறுக்காது. எங்க இருந்தாலும் வந்துருவாக."

ஊதினேன். கன்னம் வலிக்க ஊதினேன்.

வந்தார்! பாலத்துப் பக்கமிருந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி. முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"யாரு ஊதுறது? சின்னது சின்னதா இருக்கணும். இழுக்கக் கூடாது. குடு இங்குட்டு!"

கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பா போனீக?"

"எங்க போறது? அங்குட்டு புள்ளைக தண்ணிகிட்டப் போகுதுக. ஒரு ஆளு நிக்க வேணாமா?"

யார் வீட்டுப் பிள்ளைகளோ! அவர்களைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் இவ்வளவு நேரம் டியூட்டி பார்த்திருக்கிறார்.

பிறகுதான் எங்கள் பக்கத்தில் நின்ற இருவரையும் பார்த்தார். அவர்களும் தானாக விறைப்பாகி நின்றார்கள். அப்பாவுக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. ஆனால் தொந்தி தெரிந்தது. பஜ்ஜி தெரிந்தது.

"டூர் வந்த எடத்துல என்னடா தீனி? ஒரு ரவுண்டு ஓடு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், "சரிங்க சார்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார் அந்த மனிதர்.

மூச்சிரைக்க வந்து நின்றவருக்குக் கை கூப்பினேன். "ஏம்மா நீங்க வேற! எங்க வீட்ல வாக்கிங் போ, போன்னு தெனம் கத்துறாக. கேக்கலையே! சார் சொல்லைத் தட்ட முடியுமா?" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. புரிந்துதான் ஓடினார். எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள். அந்த ஒரு ரவுண்டுக்கு ஈடாக எதையும் சொல்லத் தோன்றவில்லை.

சுற்றுலா என்றால் இடம் பார்க்கப் போவது என்றுதான் நினைக்கிறோம். நிஜத்தில் பாதி நேரம், கூட வந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பதிலேயே போகிறது. முக்கொம்பில் நான் பூச்செடி எதையும் பார்த்ததாக நினைவில்லை.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது அப்பா ஏறவில்லை. கதவோரம் நின்று, ஏறுகிற ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து எண்ணினார், அந்தக் கால டூர் பஸ்ஸில் எண்ணியது போலவே. தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் இருவர், அருள், ஜெனி. கடைசியாக நான்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பெயரைத் தேடுகிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் தேடினார். கிடைக்கவில்லை. தலையில் கையை வைத்தார்.

"ஏழு. ஆளு சரியா இருக்கு. வண்டிய எடுங்க."

பெயர் போனால் போகட்டும்... கணக்கில் இருக்கிறேன்!