சுங்குடி கட்டிய மைக்

என் மேசை டிராயரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுங்குடிச் சேலைத் துண்டு கிடக்கிறது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். நடுவில் நிறம் மங்கிவிட்டது, ஓரமெல்லாம் ரப்பர் பேண்டு பிடித்த சுருக்கம். வீடு துடைக்க வருகிற பெண் ஒருநாள் அதைக் கரித்துணி என்று எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்கப் போனாள். நான் போட்ட கூச்சலில் பாவம், வெலவெலத்துப் போய்விட்டாள். எங்கள் ரேடியோ நிலையத்து மைக்கின் முகத்தில் கட்டியிருந்த துணி அது. கட்டியவர் அக்கா.

விளாங்குடியில் ஓர் அறக்கட்டளை நடத்திய சமுதாய வானொலி. இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்தைய வருஷங்கள். செல்லூர் வரைக்கும் தெளிவாகக் கேட்கும், அதைத் தாண்டினால் இரைச்சல்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொத்தான்களோடு நான், அந்தப் பக்கம் அறிவிப்பாளர் அக்கா. மைக்கின் பஞ்சுறையை எலி கடித்துவிட்டதால் 'ப' என்று வாயைத் திறந்தாலே பட்டாசு வெடிக்கும். வாங்கித் தருகிறோம், வாங்கித் தருகிறோம் என்று ஆபீஸில் இழுத்தடித்தார்கள். அக்கா தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினார். "இனிமே பழனி, பரவை, பப்பாளின்னு என்ன வேணாலும் சொல்லலாம் தம்பி" என்று சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

அக்கா சௌராஷ்டிரக்காரர், வீட்டில் தனிப் பாஷை பேசும் நெசவுச் சமூகம். கணவர் தவறிப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் வேலைக்கென்று வடக்கே போய் அங்கேயே தங்கிவிட்டான். வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் வீட்டுப்பாஷை பேச ஆளில்லை. "பேசாமலே இருந்தா நாக்கு மறந்துரும் போல இருக்கு. அதுக்காகச் சுவத்துக்கிட்டயா பேச முடியும்?" என்பார். ஞாயிறு மதியம் அரைமணி நேரம் மட்டும் அவர் பாஷையில் நிகழ்ச்சி. சமையல், பிள்ளை வளர்ப்பு, ஊர்ச்செய்தி என்று எதையாவது பேசுவார். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் முகமே வேறாக இருக்கும். முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். என்னக்கா அது என்றேன் ஒருநாள். "'கேக்குதா?'ன்னு கேக்குறேன்" என்றார். தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் போன் மேல் போன் வரும். அந்த அரைமணிக்கு ஒரு தடவைகூட மணி அடித்ததில்லை. அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் அவரைப் பார்க்காத மாதிரி வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்து செல்லூர் சந்துகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தறிக்குழிகள் நிரம்பின, தறி நின்றது, கூலி நின்றது. தெருக்காரர்கள் சேர்ந்து கஞ்சித் தொட்டி திறந்தார்கள். அதே மழையில் எங்கள் மாடியறை ஒழுகி டிரான்ஸ்மிட்டர் எரிந்துபோனது. புதிது வாங்க அறக்கட்டளையில் வழியில்லை. மக்களிடமே கேட்போம், வருவதில் பாதி ரேடியோவுக்கு, மறுபாதி கஞ்சித் தொட்டிக்கும் கோச்சடையில் இருந்த முதியோர் இல்லத்துக்கும் என்று முடிவானது. யோசனை அக்காவுடையது. ரேடியோவே ஊமையாகிவிட்ட பிறகு எதில் கேட்பது? ஒரு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினோம். சுங்குடி கட்டிய அதே மைக்கோடு அக்கா உட்கார்ந்துகொண்டார். தெருத் தெருவாக, நிகழ்ச்சி நேரம் தவறாமல், "இது உங்கள் வானொலி" என்று ஆட்டோவிலிருந்தே ஒலிபரப்பு! நல்ல கூத்துதான். ஆனால் உண்டியல் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்லூரில் ஒரு சந்துக்குள் நுழையும்போது அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, நம்ம நேரம்." சட்டென்று அவர் பாஷைக்கு மாறினார். இடுப்புயரத்துக்கு ஈரக்கறை படிந்த சுவர்களுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. அரைமணி பேசி, பழக்கதோஷத்தில் கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னது. எதிர்வீட்டிலிருந்து அதே சொல். அப்புறம் கதவுகள் திறந்து சந்து முழுக்க அந்தச் சொல். அக்கா மைக்கை என் கையில் திணித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்கள் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே ரேடியோவை அலறவிட்டு எல்லா ஞாயிறும் கேட்டவர்களாம். ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா என்றேன், எனக்குக் கோபமே வந்துவிட்டது. "தறியில கை இருக்கையில போன் எங்கிட்டுண்ணே பண்றது? வாயாலதான் சொல்லுவோம், இந்தா இங்கனயிருந்தே" என்றாள் ஒருத்தி. கேள்வி வந்ததும் ஒவ்வொரு வாரமும் அந்தச் சந்தே சத்தமாகப் பதில் சொல்லியிருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

வசூல் முடிந்தபோது அறக்கட்டளைச் செயலாளர் ஐயா அக்காவைக் கூப்பிட்டார். பாதியை வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டர் வாங்க முடியாது. "இந்த ஒரு தடவை முழுசையும் நாமளே வச்சுக்குவோம்மா. அவங்களுக்கு அடுத்த மாசம் பாத்துக் குடுப்போம்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. "உங்க பேச்சைக் கேக்க ஆள் இருக்குன்னு இப்பத்தானக்கா தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"அதனாலதான் தம்பி முடியாதுங்கிறேன். மைக்ல சொல்லியாச்சு. அவுகளைப் பட்டினி போட்டுட்டு அவுக காதுல போய் நான் என்னத்தப் பேச?"

பாதி போய்ச் சேர்ந்தது. கஞ்சித் தொட்டி அடுப்பு, தறி மறுபடி ஓடும்வரை எரிந்தது. ரேடியோ திரும்ப வரவில்லை. மிச்சப் பணத்தில் பழையதை ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள், அது உயிர்பிழைக்கவில்லை. அறக்கட்டளை கையை விரித்துவிட்டது.

நிலையத்து அறையைக் காலி செய்யும்வரை ஞாயிறு மதியம் அக்கா வந்துகொண்டுதான் இருந்தார். செத்த மைக்கின் முன் உட்கார்ந்து அரைமணி பேசுவார். செல்லூருக்கே போய்ப் பேசலாமே அக்கா என்றதற்கு, "போனேன் தம்பி. தறி ஓடுது. நின்னு பேச யாருக்கு நேரம்?" என்றார். கடைசி ஞாயிறன்று அவர் கேள்வியைக் கேட்டு நிறுத்தியபோது என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, செல்லூர் சந்தில் கேட்ட அந்தச் சொல்லைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "உச்சரிப்பு சுத்தமா சரியில்ல" என்று சிரித்தார். துணியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அந்த மாதமே மகன் வந்து கூட்டிப்போய்விட்டான். ஓரிரு முறை போனில் பேசினார், பிறகு அந்த நம்பரே இல்லாமல் போனது.

இப்போது கோச்சடை வீட்டில் நானும் தனிக்கட்டைதான். மனைவி தவறிவிட்டாள், மகள் வெளிநாட்டில். டிவி ஓடும், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு மதியம் டிராயரைத் திறந்து துணியை எடுத்துவைத்துக்கொள்வேன். அவர் பாஷையில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். உச்சரிப்பைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்க்கிறேன், இப்போது ஓரளவு சரியாகவே வருகிறது. கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லை.