ஒரு துளி எண்ணெய் எடுக்காத ஈமுப் பண்ணை

போன கிழமை முழங்கால் உளைவுக்கு மருந்து வாங்க வோபர்ன் பகுதியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். தட்டில் ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தல். அதில் ஒட்டியிருந்த படத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓர் ஈமு. அந்தப் பறவையை வளர்த்துப் பணக்காரராக வெளிக்கிட்ட மூன்று விசரர்களில் நானும் ஒருவன் என்று கல்லாவில் நின்ற பெட்டைக்குச் சொன்னால் விளங்கவா போகிறது?

யோகண்ணை என்னோடு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது தொடங்கினார்: “தம்பி, ஈமுவில ஒண்டும் வீணாப் போகாது. எண்ணெய், தோல், இறைச்சி. எங்கட சனத்தில முழங்கால் நோகாத ஆள் ஆர், சொல்லு பாப்பம்?” மன்னார்ச் சேவியரையும் சேர்த்துக்கொண்டு அஜக்ஸ் நகருக்கு வடக்கே ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்தோம். பன்னிரண்டு பறவைகள். முதல் நாளே பால் காய்ச்சினோம். நெற்றியில் சந்தனம் வைக்கப்போன அண்ணை நல்ல கொத்து வாங்கினார்.

எண்ணெய் வேண்டுமென்றால் பறவையை வெட்ட வேண்டும். அதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெட்டுமிடத்துக்கு ஏற்ற லொறி பிடிக்கும் கதை வந்தால், “இண்டைக்கு வெள்ளியெல்லோ” என்பார் அண்ணை. செவ்வாயும் அவருக்கு விரதம். பிறகு கந்தசஷ்டி. அதெல்லாம் கழிந்தால் சேவியருக்குத் தவக்காலம். “நாப்பது நாள் பொறும் ஐசே” என்பான். எல்லா நாளும் எல்லாம் தின்கிற எனக்குக்கூட அந்தப் பஞ்சாங்கம் வசதியாகத்தான் இருந்தது. பறவைகள் கொழுத்தன, நாங்கள் மெலிந்தோம்.

ஒரேயொரு தரம் வருமானம் வந்தது. மார்க்கம் நகரில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது முன்னால் நடக்க ஈமு கேட்டார்கள். அதுவும் மரியாதையாக நடந்து போய், தாய்மாமனின் தங்கச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. வீடியோக்காரர் மூன்று பக்கத்திலிருந்தும் எடுத்தார்கள்.

பிறகு காணிக்காரன் நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டான். மாத முடிவுக்குள் கொட்டில் வெறுமையாக வேண்டும். சேவியர் எட்மன்டனுக்கு மாறிப்போய்விட்டான். அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். “வெட்டக் குடுத்திடாத தம்பி. எங்கயாவது உயிரோட விடு. உனக்குக் கோடி புண்ணியம்.” எத்தனையோ இடத்துக்குப் போன் அடித்தேன். சும்மா தந்தாலும் வேண்டாம் என்றார்கள். எவருக்கும் விரதமில்லாத ஒரு புதன்கிழமை, லொறிக் கதவைச் சாத்தியவன் நான்தான். அண்ணையிடம், தூரத்தில் பிள்ளைகள் பார்க்கிற ஒரு பூங்கா கிடைத்தது என்று சொன்னேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காணியில் இப்போது வரிசையாக வீடுகள். கொட்டில் நின்ற இடத்தை என்னாலேயே அடையாளம் பிடிக்க முடியவில்லை. ஆனால் அண்ணை கேட்கக் கேட்க, என் வாயில் அந்தப் பன்னிரண்டும் பெருகி அறுபதாகிவிட்டன. நாங்கள் நடத்தியதில் லாபத்தில் ஓடிய பண்ணை அதுதான்.

கடையிலிருந்து நேரே, மகளோடு இருக்கும் அண்ணையைப் பார்க்கப் போனேன்.

“அதுகள் எப்பிடி இருக்குதுகள்?”

“நல்ல சுகம் அண்ணை. இந்த முறை எட்டுக் குஞ்சு.”

“எட்டோ!” அண்ணை கதிரையைப் பிடித்து எழும்பினார். “உன்ர கார் வெளியில தானே நிக்குது? வா, இப்பவே போய்ப் பாத்திட்டு வருவம்.”

நான் வாய் திறப்பதற்குள் சப்பாத்தைப் போடத் தொடங்கிவிட்டார்.