கூரையை அவிழ்த்தவள்

கீத்துக்காரி சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவளிடம் வம்புக்குப் போக ஊரே யோசிக்கும். அவள் முடைந்த கீத்து ஒழுகுகிறது என்று சந்தையில் ஒருவன் வாய்க்கொழுப்பாகச் சொல்லிவிட்டான். அவன் சாகும்வரை அவனுக்கு அவள் கீத்து விற்கவில்லை. செத்த பிறகு அவன் மகனுக்கும் விற்கவில்லை. அப்படியொரு நெஞ்சழுத்தம்.

தென்னை மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு, ஓலையைப் பாய் போல முடைந்தால் அதுதான் கீத்து. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் விரல்களுக்கு இதுதான் வேலை. தோப்பு தோப்பாக அலைந்து விழுந்த மட்டையைப் பொறுக்கி வருவாள். கூரை கட்டும் கயிற்றையும் அவளே திரிப்பாள். புருஷன் மண்சுவர் வைப்பவன். மண்ணைக் குழைத்து மிதித்து ஒரு படை வைப்பான், அது காய்ந்தால்தான் அடுத்த படை. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதன். இரண்டு பேருமாகக் கட்டிய வீட்டில்தான் கொழுந்தனும் வளர்ந்தான். தாயில்லாத பயல். அவனுக்குத் தலைவாரி விட்டதும் சோறு ஊட்டியதும் இவள்தான்.

புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். துக்கம் ஆறுவதற்குள் கொழுந்தன் ஊர்த் தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டில் இடிபட்டுக் கிடந்தவனுக்குத் தனி வீட்டின் மேல் கண்.

"மனை எங்கப்பாவோடது அண்ணி. அண்ணனும் இல்ல, உங்களுக்குப் புள்ளையும் இல்ல. ஒத்தையா இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

புள்ளையும் இல்ல. ஊட்டி வளர்த்த வாயிலிருந்து அது வந்தது. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சரி தம்பி. எனக்குன்னு எதை எடுத்துக்கறது?" என்று கேட்டாள்.

தலைவர் முன்னால் பெரிய மனுஷனாகத் தெரிய வேண்டுமே அவனுக்கு! "மண்ணு எங்க மண்ணு, அதனால சுவரு எங்களோடது. மூங்கிலும் எங்க கொல்லையில வெட்டினது. மத்தபடி உங்க கையால செஞ்சது எதுவா இருந்தாலும் தாராளமா எடுத்துக்கங்க" என்றான். பாயையும் கூடையையும் நினைத்துச் சொல்லியிருப்பான்.

"நாலு பேர் முன்னாடி சொல்றே. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் ஏன் மாறப் போறேன்?"

மகராசன், வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் கூரை வேய்கிறவரைக் கூப்பிட்டாள். நெட்டையாக இருப்பதால் ஊரில் அவருக்கு ஏணி என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முகட்டில் ஏறி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அந்த வருஷம்தான் புதிதாக வேய்ந்த கூரை. கீத்தெல்லாம் கிழியாமல் இறங்கியது. கயிற்றையும் சுருட்டிக்கொண்டாள். மூங்கிலை மட்டும் சுவரோரம் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். அடுத்தவன் சொத்து நமக்கெதற்கு?

மதியம் கொழுந்தன் பெண்டாட்டியோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் வண்டியில் வந்து இறங்கினான். உள்ளே போன பெண்டாட்டி, அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "வீடுன்னு சொன்னீங்க? வானம்ல தெரியுது?" என்று கத்தினாள். அவன் தலைவரிடம் ஓடினான். "கையால செஞ்சதுன்னு நீதானப்பா சொன்னே" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. கூரை மாற்றுகிறவர்கள் முன்பே மாற்றி முடித்திருந்தார்கள். ஊரில் யாரிடமும் உபரியாகக் கீத்து இல்லை. இரவல் தார்ப்பாய் ஒன்றைக் கட்டிப் பார்த்தான். காற்று அதைப் பிய்த்துக் குளத்தில் போட்டது. தலையில் குடையில்லாத மண்சுவர் எத்தனை மழைக்குத் தாங்கும்?

கீத்துக்காரி ஏணி வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகைக்குக் குடிபோயிருந்தாள். ஒரு மத்தியானம் கொழுந்தன் தொப்பலாக நனைந்து அங்கே வந்தான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது கீத்து.

"நல்ல கீத்தைப் போய் எரிக்கறீங்களே அண்ணி!"

"என் கையால செஞ்சது. என் அடுப்புல எரியுது."

அவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். "மேல்படை கரைஞ்சு ஓடுது அண்ணி. எம்மேல கோவம்னா என்னை நாலு அறை அறைங்க. அது அண்ணன் வெச்ச சுவரு. அண்ணன் மிதிச்ச மண்ணு."

அவள் கை நின்றது. அந்தச் சுவருக்குத் தண்ணீர் சுமந்தவள் அவள். தகரத்தில் மழை விழும்போதெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். மூலையில் அடுக்கியிருந்த கீத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு கூரைக்குக் காணும்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயசில் எத்தனை திட்டினாலும் அண்ணி கடைசியில் இதைத்தான் கேட்பாள். கேட்டுவிட்டால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். தட்டை வாங்கி அவசர அவசரமாக அள்ளித் தின்றான்.

அவள் எழுந்து அடுக்கிலிருந்து இன்னொரு கீத்தை உருவினாள். முழங்காலில் வைத்து ஒடித்தாள். அடுப்பில் செருகினாள். தீ குப்பென்று ஏறியது.

வாயில் சோற்றோடு அவன் அவளையே பார்த்தான்.

"அந்தச் சுவரு கரையறது எனக்கும் வலிக்குதுடா" என்றாள். "ஆனா உனக்கு வலிக்கணும்ல. அதுக்காக நான் தாங்கிக்குவேன்."

பிறகு பானையில் மிச்சமிருந்த சோற்றையும் வழித்து அவன் தட்டில் போட்டாள்.