துக்க வீட்டுக்குப் போன பிளாஸ்க்

அந்த எவர்சில்வர் பிளாஸ்கை எங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி ஆயுத பூஜையன்று, முதலாளியே என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தது. வேலைக்கு ஆள் அனுப்புகிற மற்ற கான்ட்ராக்டர்களுக்கெல்லாம் டிபன் பாக்ஸ்தான். பிளாஸ்க் எனக்கு மட்டும். யாரும் தொடக்கூடாது என்று பீரோவுக்கு மேல் வைத்திருந்தேன். என் மகள் ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தாள், கழுவினாள், நிறையச் சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு காலனியில் ஒரு சாவு வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் அது அவளுடையது. அடிப்பக்கம் ஒரு நசுங்கல் இருக்கும். ஏதோ ஒரு துக்க வீட்டில் யார் காலோ பட்டு உருண்டது.

நான் படித்தது மூன்றாவது வரைக்கும். இதையும் நானே எழுதுகிறேன், யாரையும் வைத்து எழுதவில்லை. தொரப்பள்ளிப் பக்கத்துக் காலனி எங்களுடையது. என் அப்பன் ஆத்தாள் அடுத்தவர் நிலத்தில் குனிந்தே காலம் போனவர்கள். நான் கல் குவாரியில் சம்மட்டி பிடித்தேன், லாரியில் மூட்டை ஏற்றினேன், கம்பெனி கேட்டில் நின்று ஆள் கேட்கும்போது பத்துப் பேரைக் கூட்டி வருகிறேன் என்று துணிந்து சொன்னேன். இன்றைக்கு என் கை படாமல் வேலைக்குப் போன குடும்பம் எங்கள் காலனியில் கிடையாது. முதல் மாடி வீடும் என்னுடையதுதான். மனைவி போனபோதுகூட நான் அழவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் பால் ஊற்றப் போனேன். கண்ணைக் கசக்குகிறவனை எந்த கம்பெனி நம்பும்?

அப்படிப்பட்டவனின் ஒரே மகள் சைக்காலஜி படிக்கிறேன் என்றாள். தினமும் பஸ்ஸில் பெங்களூர் போய் வந்து படித்தாள். எனக்கு அவள் இன்ஜினியர் ஆகவேண்டும் என்று ஆசை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பொண்ணு பைத்தியக்கார டாக்டருக்குப் படிக்குது" என்று கிண்டலாகச் சொல்வேன். அவள் சளைக்க மாட்டாள். "ஆமா நைனா, மொத பேஷண்டு நீதான். டோக்கன் போட்டு வெச்சிருக்கேன்" என்பாள்.

ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு தடவைதான் கேட்டேன். அவள் விளையாட்டில்லாமல் பதில் சொன்னாள். "நம்ம ஆளுங்க மனசு செரியில்லன்னு போனா, வூட்டுக்காரன் குடிக்கிறானா, அடிக்கிறானான்னு ரெண்டு கேள்வி. அதோட மாத்திரைய எழுதிக் குடுத்து எழுப்பிடறாங்க. நம்மள ஒக்கார வெச்சுக் கேக்க நம்மள்ல ஒரு ஆள் வேணும் நைனா." அவள் பாடப் புத்தகத்தில் எல்லா ஊர் மனிதர்களின் துக்கமும் இருந்ததாம். காலனி மனிதர்கள் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லையாம்.

படிப்பு முடித்து, வாரத்தில் பாதி நாள் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. மீதி நாளுக்கு எங்கள் சமுதாயக் கூடத்தில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள், "சுகர் பாப்பியா பாப்பா?" என்றார்கள். "ரேஷன் கார்டுல பேரு சேக்கணும்" என்றார்கள். தூக்கம் வருகிறதா, மனசுக்குப் பாரமாக இருக்கிறதா என்று இவள் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, முட்டிதான் வலிக்குது" என்று எழுந்து போனார்கள். மாதக்கணக்கில் இப்படி. நான் சும்மா இருப்பேனா? "நாலு ஆளு சேக்கத் தெரியல, நீ என்னா படிச்ச? நான் கேட்டுல நின்னு கூப்ட்டா நானூறு பேர் வருவான்" என்று சீண்டுவேன்.

அவளுக்கு வழி கிடைத்தது ஒரு சாவு வீட்டில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் போய்விட்டார். துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் அல்லவா, வெளியிலிருந்துதான் காப்பி போகவேண்டும். அதற்குத்தான் பிளாஸ்கை எடுத்தாள். ஒப்பாரி வைக்கிற பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மூடியில் ஊற்றி, "குடிங்கம்மா, தொண்ட காஞ்சிடும்" என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் எதிர் வீட்டுப் பெண் மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்:

"ஆடு மேய்ச்ச ராசாவே, அய்யா,
அந்தி சாஞ்சா வருவீங்களே,
நூலு மில்லுக்கு அனுப்பிச்சேனே,
நூலாட்டம் வந்தாளே..."

நானும் வாசலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்டேன். பாடை கட்ட மூங்கில் வரவில்லை என்ற கவலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "பெரியவரு ஆயுசுக்கும் ஆட்டுப் பின்னால போனவரு. மில்லு எங்கிருந்து நைனா வந்துச்சு?" அப்போதுதான் எனக்கே உறைத்தது. எதிர் வீட்டுப் பெண்ணின் மூத்த மகள் வேறு ஜில்லாவில் நூல் மில்லுக்குப் போய், நெஞ்சில் சீக்கு வந்து, நூலாக இளைத்துத் திரும்பி வந்து செத்துப்போனவள். அந்தத் தாய் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. பூசாரி வேப்பிலை அடித்தார், கயிறு கட்டினார். கை கால் எரிகிறது என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.

"மொத ரெண்டு அடி செத்தவங்களுக்கு. மூணாவது அடி அவங்கவங்களுக்கு" என்று மகள் சொல்வாள். அதற்குப் பிறகு சுத்துப்பட்டில் எங்கே பறை கேட்டாலும் பிளாஸ்கோடு கிளம்பிவிடுவாள். எங்கள் தெருவில் தமிழில் அழுவார்கள், அடுத்த தெருவில் தெலுங்கில் அழுவார்கள், எல்லை தாண்டினால் கன்னடம். மூன்றிலும் மூன்றாவது அடிக்குக் காது கொடுத்தாள். அங்கே ஒன்றும் கேட்க மாட்டாள். காரியம் முடிந்து சில நாள் கழித்து, அழுதவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். கேள்வித்தாள் இல்லை, எதிர் நாற்காலி இல்லை. அவர்கள் ஏதாவது சொல்ல ஆரம்பித்து நிறுத்தினால், "அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான். இவ்வளவு படிப்புக்கும் ஒரு "அப்புறம்"தானா என்று நான் சிரிப்பேன்.

ஆனால் எதிர் வீட்டுப் பெண் மெல்ல எழுந்தாள். கை கால் எரிச்சல் குறைந்தது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் கம்பெனிக்குப் போகிற வேனில் ஏறினாள். ஆள் அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தேன். அந்த ஓர் ஆளை வேனில் ஏற்றியது என் மகள்.

போன மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல் என்றார்கள். ரத்தத்தில் தட்டணு இறங்குகிறது என்றார்கள். ரத்தம் கொடுக்க என் ஆட்கள் ஷிப்டை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். கூப்பிட்டால் இத்தனை பேர் வருகிறார்கள், இவள் ஒருத்தி கண் திறக்கவில்லை.

மகளைக் கொண்டுவந்து கிடத்திய என் வீட்டு வாசலில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அத்தனை பெண்களும் வந்து விழுந்தார்கள். மூன்று பாஷையிலும் அழுகை. நான் சுவரோரம் நின்று, மகள் பழக்கிவிட்டபடி மூன்றாவது அடிக்காகக் காத்திருந்தேன். எதிர் வீட்டுப் பெண் பாடினாள்:

"கேட்டுக் கேட்டு ஆத்துனியே, கண்ணே,
பாதிக் கத கேட்டியே,
மீதிக் கத கெடக்குதடி,
யாருகிட்ட எறக்குவேன்..."

மூன்றாவது அடியில் அவள் தன் கதைக்குத்தான் வந்தாள். அந்தக் கதைக்குள்ளும் என் மகள்தான் இருந்தாள். அன்று அந்தக் கூட்டத்துக்குக் காப்பி கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. எல்லார் தொண்டையும் காய்ந்து குரல் உடைந்து கிடந்தது. நான் அழவில்லை. வரவில்லை.

இப்போது மறுபடியும் மாம்பழ சீசன். கூழ் கம்பெனி வேன் விடியலில் வந்து எதிர் வீட்டு முன் ஹாரன் அடிக்கிறது. அவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள், வேன் போய்விடுகிறது. மகள் எழுப்பியவள் மறுபடி விழுவதை எத்தனை காலைக்குப் பார்ப்பது? ஒரு நாள் நானே சுக்கைத் தட்டி, வெல்லம் போட்டுக் கொதிக்க வைத்து, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

"இது துக்க வூடு இல்லியே அண்ணா" என்றாள்.

"ரெண்டும் துக்க வூடுதான் தங்கச்சி" என்று படியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்துவிட்டேனே தவிர, என்ன கேட்பதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது என் கதை ஒன்றுதான். குவாரியில் சம்மட்டி பிடித்ததைச் சொன்னேன். கம்பெனி கேட்டில் துணிந்து நின்றதைச் சொன்னேன். இந்த பிளாஸ்கை முதலாளி எனக்கு மட்டும் கொடுத்ததைச் சொன்னேன். "பீரோ மேல வெச்சிருந்தேன், பாப்பாதான் ஸ்டூல் போட்டு ஏறி..." என்று சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. ஏறி, ஏறி என்று அந்த ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்தது.

அவள் என் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கினாள். மூடியில் ஊற்றி நீட்டினாள். "குடிங்கண்ணா, தொண்ட காஞ்சிடும்" என்றாள். நான் குடித்ததும், "அப்புறம்?" என்றாள்.

மறுநாளும் வேன் வந்தது, ஹாரன் அடித்தது. அவள் ஏறவில்லை. நான் மறுபடி சுக்கைத் தட்டினேன். யாரும் தொடக்கூடாது என்று ஒரு காலத்தில் உயரத்தில் வைத்திருந்த பிளாஸ்க். இன்றைக்கு இந்த மாடி வீட்டில் அதைத் தொட என்னைத் தவிர ஆளில்லை. தினமும் நானே கழுவுகிறேன், நசுங்கின இடத்தில் விரல் படும், கவிழ்த்து வைக்கிறேன்.