வேப்பிலை சுற்றிய எழுத்து

அப்பா போன பிறகும் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். நேற்று பாப்பிரெட்டிப்பட்டி டிடிபி கடையில், என் மகளின் கல்யாணப் பத்திரிகையின் முதல் எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பூக்கொடி சுற்றினார்கள். சின்ன வயதில் பார்த்த ரோஸ் நிறத் திருவிழா நோட்டீஸின் மை வாசம் நினைவில் வந்துவிட்டது.

எட்டாவது படிக்கையில், மாரியம்மன் திருவிழா நோட்டீஸுக்கு 'மா' எழுத்தை வேப்பிலை சுற்றி, விரதமிருந்து வரைந்தேன். அச்சாகி வந்ததைக் கோயிலில் பிரித்த ஊர்ப் பெரியவர், "யாரு போட்டதுங்க? ஆத்தாளே எறங்கி வந்தாப்ல இருக்குது!" என்றார்.

"நம்ம பையன்தானுங்க," என்று தம்பியைக் காட்டினார் அப்பா. பொரி தின்றுகொண்டிருந்த தம்பி திருதிருவென முழித்தான்.

"நான்தானேப்பா போட்டேன்?"

"பொட்டப்புள்ள, சும்மா இரு."

சன்னதியிலேயே சொன்னார். அம்மன் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதை யாரிடமாவது சொன்னால், வரைந்தது அவருடைய மகன் இல்லை, மகள் என்றே சொல்லுங்கள். மறுபடியும் மாற்றிவிடாதீர்கள்.