ஒன்பது ஒடுங்கிய தலைகள்

மூடியைத் திருகித் திறந்ததும் குனிந்து ஒரு தரம் முகர்ந்து பார்ப்பாள் குப்பியக்கா. ஸ்பிரிட் நெடி சுரீரென்று ஏறினால் மீன் பத்திரம். மந்தமாக இருந்தால் ஊற்ற வேண்டும். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் நாளுக்கு அறுபது குப்பிகள், முப்பத்தோரு வருடமாக. “வீட்டுல பால் தீஞ்சா மட்டும் இவ மூக்குக்குத் தெரியாது” என்பார் அவள் வீட்டுக்காரர்.

அவள் பொறுப்பில் இருப்பவை உலகத்தின் தென்கோடிப் பனிக்கடல் மீன்கள். மீன்களில் தொங்கும் சீட்டில் உள்ள பெயர்கள் அவள் வாய்க்குள் நுழையாதவை. கடலடியில் கிடந்த ஒரு பாட்டன் மீன் வழி வந்த வம்சம் இது, கடல் குளிர்ந்து மற்ற மீன்கள் பெரும்பாலும் அற்றுப்போனதும், காலி வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆளுக்கோர் அறை பிடித்த மாதிரி ஆளுக்கோர் இரையைப் பிடித்துக்கொண்டன, இரைக்கேற்பத் தலையும் மாறிற்று என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றுமுதல் உறவு வைத்துத்தான் கூப்பிடுகிறாள்; வருகிறவர்களுக்கும் அப்படியே காட்டுகிறாள்.

“இந்த நீட்டு மூக்கு சின்ன மச்சினன். இது வாயப் பாருங்க, ஊர்வம்பு பேசுற சம்பந்தியம்மா! இந்தக் குட்டை மூஞ்சி மூத்தவரு. பாட்டனை அப்படியே உரிச்சு வச்சிருக்கு.”

மேல்மாடி ஆராய்ச்சிக்காரர் இரண்டு வருடமாக இந்தத் தலைகளை அளக்கிறார். மூக்கு நீளம், தாடை நீளம், கன்னத்துக்குக் கன்னம் அகலம். ஒரு திங்கட்கிழமை இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்து, அலமாரியில் ஒன்பது மீன்களைக் காட்டினார்.

“அக்கா, இந்த மாதிரி மீன் எல்லாம் ஒரே இனம். மத்த எடத்துல பிடிச்சதுக்கு அகலத் தலை. இந்த ஒன்பதுக்கு மட்டும் ஒடுக்கம். தனி இனமாப் பிரியுது அக்கா, நம்ம கண்ணு முன்னாடி! வெள்ளிக்கிழமை கட்டுரை போகுது. உங்களுக்கும் நன்றி போட்டிருக்கேன்.”

ஒன்பதும் எந்தப் பெட்டியில் வந்தவை என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் வந்த பெட்டி அது. அகல வாய்க் குப்பிகள் தீர்ந்துவிட்டன. ஸ்பிரிட்டில் இன்னும் விறைக்காத மீன்களைக் குறுகிய குப்பிகளில் தலைகீழாகத் திணித்தது அவள்தான். பனிக்கடல் மீனுக்கு எலும்பே மெலிசு; அடைத்த வடிவத்திலேயே விறைத்துப்போகும். நாலு வருடம் கழித்துப் பெரிய குப்பிக்கு மாற்றியபோது, எல்லாம் சரியாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தால் அவர் கட்டுரை போச்சு. மீனைக் கெடுத்தவள் என்று இவள் கோப்பிலும் ஏறும்; ஓய்வுக்கு இன்னும் நாலே மாதம். திறக்காவிட்டால் அச்சில் நன்றி வரும். இரண்டு நாள் எந்த மச்சினனோடும் பேசாமல் ஸ்பிரிட் ஊற்றினாள்.

புதன்கிழமை அந்த ஒன்பது மீன்களையும் பழைய குறுகல் குப்பி ஒன்றையும் தட்டில் வைத்து மாடியேறினாள்.

“திட்டுறதா இருந்தா திட்டிடுங்க சார். அது ஒண்ணும் பிரியல. நான் அடைச்சதுல ஒடுங்கினது.”

“என்னக்கா, விளையாடுறீங்களா?”

ஒரு மீனை எடுத்துக் குறுகல் குப்பிக்குள் தலைகீழாக இறக்கினாள். இரண்டு கன்னமும் பசை போட்டது போலக் கண்ணாடியோடு ஒட்டி நின்றன. அடுத்ததும் அப்படியே. நாலாவதை எடுக்கும்போது, “போதும்க்கா” என்றார். நாற்காலி கிரீச்சிட உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!”

“இத்தனை வருஷமா யாரும் தலைய அளக்கலையே சார்.”

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை. “எழுத்துல வந்தா உங்க மேல மெமோ வரும், தெரியுமில்ல?”

“வரட்டும். எழுதாம விட்டா, நாளைக்கு இன்னொரு புண்ணியவான் வந்து ரெண்டு வருஷம் அளப்பாரு.”

அவர் நோட்டைத் திறந்து ஒன்பது வரிகளைப் பென்சிலால் அடித்தார். அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பென்சிலுக்குக் கை நீட்டினாள். மையென்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மீன்களின் செவுளில் தொங்கிய ஒன்பது சீட்டுகளையும் திருப்பி, ‘குறுகல் குப்பியில் அடைத்ததால் ஒடுங்கிய தலை’ என்று எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும், யாரும் கூப்பிடாத தன் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்தாகப் போட்டாள்.